நாலாயிரமும் பச்சை

“நாலாயிரம் டெஸ்ட் மேடம். நாலாயிரமும் பாஸ். இன்னும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் அருமைநாயகம். ஓசூரில் லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருட அனுபவம். வயது ஐம்பத்திரண்டு.

பதில் சொல்ல வேண்டியவள் ஜெஸிந்தா. வயது முப்பத்தொன்று.

சோதனைக்கூடம் அவள் ராஜ்ஜியம். யாரானாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கருவிகள் கெடாமலிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்கிற மாதிரி. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்டும் கேட்டைத் தாண்டாது.

இருபத்தொரு வயது மூத்தவர் அவளிடம் பாடம் கேட்கும்படி ஆனது. என்ன செய்ய, எல்லாம் நேரம்.

அங்கே சோதிப்பது லிஃப்டை அல்ல, லிஃப்டின் மூளையை. டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், கம்ப்யூட்டர் லிஃப்ட் மாதிரி நடிக்கும். ‘மூணாவது மாடிக்கு வந்தாச்சு’, ‘ஆள் ஏறியாச்சு’ என்றெல்லாம் பெட்டியை நம்பவைத்து, அது என்ன செய்கிறது என்று பார்க்கும். சரியாகச் செய்தால் பச்சை. தவறினால் சிவப்பு.

வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டி ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போக வேண்டும். போய்விட்டால், ஒன்பது வருடமாக அருமைநாயகம் கண் வைத்திருக்கும் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான். எம்.டி. வாய்விட்டே சொல்லியிருந்தார். இவரும் சும்மா இருக்கமாட்டாமல் ‘நூற்றுக்கு நூறு சார்’ என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைத்திருந்தார். பட்டாசுப் படத்தோடு.

“டெஸ்ட் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் மேடம்,” என்றார். “பதினோரு புது வசதி வந்திருக்கு. பதினொண்ணுக்கும் டிக் போட்டுட்டேன்.”

“என்னென்ன வசதி சார்?”

“அதெல்லாம் படிச்சிட்டு இருக்க யாருக்கு நேரம்? நல்லதுக்குத்தானே குடுத்திருப்பான்.”

மனுஷனைத் திட்டாதீர்கள். நீங்களும் நானும் மட்டும் படித்துவிட்டா டிக் போடுகிறோம்?

ஜெஸிந்தாவும் திட்டவில்லை.

“லிஃப்ட் கதவு மூட எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

“நாலு செகண்ட்.”

“ஒரு டெஸ்டுக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கிட்டாலும், நாலாயிரம் தடவை மூட?”

அருமைநாயகம் மேலே பார்த்துக் கணக்குப் போட்டார். “கிட்டத்தட்ட நாலரை மணி நேரம்.”

“உங்களுக்கு எவ்வளவு நேரத்துல முடிஞ்சுது?”

“இருபதே நிமிஷம்!” அவர் முகம் மலர்ந்தது. “புது வெர்ஷன் வேகம் அப்படி!”

“அது கதவுக்குத் தெரியுமா?”

அவருக்குச் சுர்ரென்று வந்தது. இந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை நேராகப் பேச வராதா? வாயைத் திறந்தார். கையெழுத்து ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

“பெட்டியை இங்க கொண்டு வாங்க சார்.”

கேபிள்களைக் கழற்றி எடுத்துவந்தார். ஜெஸிந்தா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பெட்டியை அவர் மடியில் வைத்தாள். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

“இப்ப டெஸ்டை ஓட்டுங்க.”

“பெட்டி என் மடியில இல்ல இருக்கு?”

“ஓட்டுங்க சார்.”

ஓட்டினார்.

பச்சை. பச்சை. பச்சை.

இருநூறு தாண்டியதும் அவருக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. முந்நூறில் துள்ளியே விட்டார்.

“பார்த்தீங்களா மேடம்! பெட்டியே இல்லாம பாஸ் ஆகுது!”



தான் சொன்னது தன் காதில் விழ அருமைநாயகத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரையைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“ஐயையோ.”

பதினோரு வசதிகளையும் முதல்முறையாகப் படித்தார். ஏழாவதில் இருந்தது: ‘பெட்டி பதில் தரத் தாமதித்தால், மென்பொருளே அதன் சார்பில் சரியான பதிலைத் தந்துவிடும். சோதனை தடைபடாது.’

அந்த டிக்கை எடுத்தார். கேபிள்களை மாட்டிவிட்டு முதல் டெஸ்டை ஓட்டினார்.

கம்ப்யூட்டர் நடிப்பில், மூடும் கதவுக்கு நடுவே யாரோ கை நீட்டுகிறார்கள். கதவு உடனே திறக்க வேண்டும்.

ஒரு செகண்ட். இரண்டு. மூன்று. நான்கு.

கதவு மூடிக்கொண்டது. திரை சிவந்தது.

அருமைநாயகம் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அந்தக் கதவுக்கு நடுவே யார் யார் கை நீளும் என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எம்.டி.

“கையெழுத்து ஆச்சான்னு கேக்கத்தான் கூப்பிடுறார் மேடம். நூத்துக்கு நூறுன்னு வேற அனுப்பிட்டேனே. நாற்காலி போச்சு. இப்ப நான் என்னன்னு சொல்றது?”

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜெஸிந்தா கையை நீட்டினாள்.

“குடுங்க சார். உங்க சார்புல நானே பதில் சொல்லிடறேன்.”

அப்பாடா என்று போனை நீட்டினார் அருமைநாயகம்.

பாதியில் கை நின்றது.

அவளைப் பார்த்தார். அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது.

போனைத் தன் காதுக்கே கொண்டுபோனார்.

“சார், அருமைநாயகம் பேசறேன். ஃபெயில்.”