ரிப்பன் கட்டிய வார்டு

அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டீன் சிகாமணி தும்மினால் நாலு டாக்டர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் ஆயா வெள்ளத்தாயியைக் கூப்பிட்டு, "நாளைக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வர்றார். ஒரு நோயாளிகூட தரையில படுத்திருக்கக் கூடாது. இருந்தா உனக்கு வேலை போச்சு" என்றார்.

"கட்டில் பத்தலையேய்யா?"

"அது உன் பாடு!"

மறுநாள் வார்டுத் தரை வெறிச்சென்று கிடந்தது. அதிகாரி திகைத்தார். "தரையில படுத்திருக்காங்கன்னு புகார் வந்துச்சே, அந்த நோயாளிங்க எங்கேம்மா?"

"புது வார்டுலய்யா. மந்திரி திறக்கணும்னு வாசல்ல ரிப்பன் கட்டி வச்சிருந்தாங்க. கட்டிலெல்லாம் சும்மா கிடந்துச்சு."

டீன் அலறினார். "ரிப்பனை வெட்டிட்டியா?"

"நான் எதுக்குய்யா தொடுறேன்? எல்லாரும் குனிஞ்சு போயிட்டாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தானும் ரிப்பனுக்கடியில் புகுந்து, "இனி இவங்க இங்கேயே இருக்கட்டும். நீங்களும் வாங்க டீன்" என்றார்.

டீன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"மெதுவாய்யா," என்றாள் வெள்ளத்தாயி, "மந்திரி ரிப்பன் அறுந்துடப் போவுது!"