சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா

போடிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு பழைய ஜீப், அவ்வளவுதான். அங்கிருந்த சாமியாருக்கு அந்த ஜீப்தான் பூசை. மலைமேல் இருக்கிற குடிகளுக்கு ரோடு கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியோ காய்ச்சல்காரரோ, யாரானாலும் அந்த ஜீப்பில்தான் கீழே வந்தாக வேண்டும்.

துறவியாவதற்கு முன் சாமியார் தூத்துக்குடித் துறைமுகத்தில் இரும்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். ஊரில் பெயின்டர் சாமி என்றே பெயர். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஜீப்பை ஓட்டியது அவருடைய சீடன் ராசாங்கம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நல்ல டிரைவர், ஆனால் குடிகாரன்.

அந்தப் பக்கத்தில் ஒரு கருப்பசாமி கோயிலில், குடியை விடுவதாகச் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிற்றை இடையில் அவிழ்த்தவனுக்கு அடுத்த ஆடியில்தான் மறுகயிறு என்பது அங்கே கட்டுப்பாடு. நம் ஆட்கள் இதையும் வசதியாக வளைத்துக்கொண்டார்கள். கருப்பசாமி கோபிக்கக் கூடாதென்று கயிற்றை மரியாதையாக அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கிளாஸ் குடிப்பது. அவிழ்த்தாகிவிட்டது, இனி ஆடி வரைக்கும் என்ன என்று மிச்ச வருஷத்தையும் குடித்தே தீர்ப்பது. ராசாங்கம் இதில் கைதேர்ந்தவன். போன வருஷம் அவன் மனைவி பவுன்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

இந்த ஆடியில் மறுபடி கட்டிக்கொண்டு, கட்டிய கையோடு மடத்துக்கு வந்தான். சாமி சாவியைக் கொடுத்தார். குடித்தால் சாவியைத் தொடக் கூடாது என்பது மட்டும் பேச்சு.

புரட்டாசி மாதம் ஒருநாள் ராசாங்கம் கேட்டான்.

"சாமி, உடையாத சத்தியம்னு ஒண்ணு இருக்கா? எந்தக் கோயில்ல கட்டுனா இந்தக் கயிறு நிக்கும்?"

சாமி ஜீப்பின் படியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கங்கே துரு.

"அடைமழைக்கு முன்னால இதுக்குப் பெயின்ட் அடிச்சாகணும். டவுனுக்குப் போயி, எது நல்லதுன்னு விசாரிச்சுட்டு வாரும். காசு கொஞ்சம்தான் இருக்கு வே."

ராசாங்கம் போய்விட்டு மத்தியானம் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது.

"சாமி, அடுப்புல வெச்சுச் சுடுற பெயின்ட்தான் சரி. சுத்தியலால அடிச்சுக் காட்டுனான். ஒரு கீறல் விழல. ஆயுசுக்கும் அழியாதாம்."

"காசு?"

"அதான் சாமி. இருக்கிற காசு படிக்குத்தான் வரும். அடித்தகட்டை அப்புறம் பார்த்துக்கலாம்."

"மலையில கல்லு தெறிச்சு எங்கயாச்சும் பேந்துட்டா?"

"கழட்டி மதுரைக்கு அனுப்பணுமாம். திரும்பச் சுட்டுத் தருவான்."

"அதுவரைக்கும்?"

சாமி பம்பரைக் காட்டினார்.

"இப்ப இருக்கிற பம்பரு யாரு குடுத்தது, தெரியுமா?"

"தெரியாது சாமி."

"போன வருசம் ஒரு பக்தர். சுட்ட பெயின்ட்தான். பார்க்க எப்படி இருக்கு?"

ராசாங்கம் பார்த்தான். கறுகறுவென்று இருந்தது. ஓரத்தில் மிளகு அளவுக்கு ஓர் இடத்தில்தான் கல் பட்டுப் பெயின்டில் ஓட்டை விழுந்திருந்தது.

"புதுசாட்டம் இருக்கு."

சாமி திருப்புளியை அவன் கையில் கொடுத்தார். "அந்த ஓட்டையில வச்சு நெம்பும்."

நெம்பினான். பெயின்ட் விரல் நீளத்துக்கு உரிந்து வந்தது. இன்னும் நெம்பினான், உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அடியில் பம்பர் பாதிக்குமேல் செம்பழுப்பாகத் துருப்பிடித்துக் கிடந்தது. மிளகளவு ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்திருக்கிறது.

ராசாங்கம் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"இப்ப படியில வையும்."

படியில் துரு இருந்த இடத்தில் வைத்து நெம்பினான். துருதான் உதிர்ந்தது. பக்கத்துப் பெயின்ட் இரும்பைப் பிடித்த பிடி விடவில்லை.

"இதுக்கு யாரு அடிச்சது சாமி?"

"நான்தான். சாதா டப்பா பெயின்ட்."

"அங்கங்க துரு தெரியுதே."

"தெரியுதுல்லா," என்றார் சாமி.

மறுநாள் டப்பா பெயின்ட் வந்தது. செங்காவி நிற ரெட் ஆக்சைடு, மேலே பூசக் கறுப்பு எனாமல், ஒரு பிரஷ், கம்பி பிரஷ், ஒரு கட்டு உப்புத்தாள். அப்புறமும் காசில் மிச்சம் இருந்தது.

ராசாங்கம் பெயின்ட் டப்பாவைத்தான் முதலில் திறந்தான். சாமி அதை வாங்கி மூடி வைத்துவிட்டு உப்புத்தாளை நீட்டினார்.

இருவரும் தேய்த்தார்கள். ராசாங்கத்துக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. துரு போகிற இடத்தில் போனது. பள்ளத்தில் உட்கார்ந்த துரு அசைவேனா என்றது.

"இது கெடக்கட்டும் சாமி. ரெண்டு கோட்டிங் சேர்த்துக் குடுத்தா மூடிரும்."

"மூடிட்டா?"

"வெளிய தெரியாது."

சாமி உரித்த பம்பர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ராசாங்கம் புது உப்புத்தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டான். பொழுது சாய்கிறவரை தேய்த்தான். பள்ளத்தில் இருந்த துரு கடைசியில் போனது.

பிறகு தின்னர் தொட்டுத் துடைத்தார்கள், ரெட் ஆக்சைடு அடித்தார்கள், அது நன்றாகக் காய்ந்தபின் கறுப்பு. மெல்லிசாக ஒரு தரம், காயவிட்டு இன்னொரு தரம். சுட்ட பெயின்டின் மினுக்கு இதற்கு இல்லை. பிரஷ் போன தடம்கூடத் தெரிந்தது.

மிச்சப் பெயின்டைச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, பிரஷையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் சேர்த்து டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார் சாமி.

"இது எதுக்கு சாமி? இப்பத்தானே அடிச்சோம்?"

"மலைக்குத்தானே போறீரு?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ராசாங்கம் சளைக்காமல் ஏறி இறங்கினான். கல் தெறிக்காத நாள் கிடையாது. ஜீப்பை நிறுத்தியதும் சுற்றி வந்து பார்ப்பான். பேந்த இடத்தைத் துடைத்துத் தேய்த்து, ஒரு பொட்டு செங்காவி வைப்பான். அது காய்ந்ததும் ஒரு பொட்டு கறுப்பு. ஆஸ்பத்திரி வாசலில் அவன் அப்படிக் குந்தியிருப்பதைப் பார்த்து வாட்ச்மேன் கேலி செய்தான்.

"என்னண்ணே, வண்டிக்குக் கண்ணுமையா?"

"ஆமா. பொண்ணு பார்க்க வர்றாக," என்றான் ராசாங்கம், தலை தூக்காமல்.

தீபாவளி முடிந்து ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டு பஸ் ஏறி உத்தமபாளையம் போனான். பவுன்தாய் அவன் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். கயிறு இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிளம்பும்போது சொன்னாள்:

"தை பொறக்குற வரைக்கும் இந்தக் கயிறு கையில கெடக்கட்டும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு நானே வர்றேன்."

மறுநாள் விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மலைமேல் பள்ளிக்கூட டீச்சர் காய்ச்சலில் கிடப்பதாகத் தகவல் வந்து, சாமி ஜீப்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். ராசாங்கம் நனைந்துகொண்டே வந்தான். கையில் கயிறு இல்லை. மடத்துப் படியில் சாவியை வைத்தான்.

"நான் போறேன் சாமி."

"எங்க?"

"எங்கிட்டாவது. நேத்து குடிச்சுட்டேன்."

"அவ வரமாட்டேன்னுட்டாளா?"

"வர்றேன்னு சொன்னா சாமி. அந்தச் சந்தோசத்துல குடிச்சுட்டேன்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பஸ்ஸ்டாண்டுல இறங்குனேன். கயித்த அவிழ்த்துப் பையில வெச்சேன். இனி அடுத்த ஆடிக்குத்தான். அதுவரைக்கும் நான் எதுக்கும் ஆக மாட்டேன்."

"எவ்வளவு குடிச்சீரு?"

"ஒரு கிளாஸ்."

"இன்னைக்கு?"

"இன்னும் இல்ல."

சாமி டீசல் கேனை மூடினார். "நேத்து கல்லு பட்ட இடத்துக்கு ஆடி மாசமா வே பெயின்ட் அடிப்பீரு?"

மழை இருவர் தலையிலும் பெய்தது. ராசாங்கம் சட்டைப்பையில் கை விட்டுக் கயிற்றை எடுத்தான்.

"அப்ப நீங்களே கட்டிவிட்டுருங்க சாமி. இன்னையிலேருந்து தொடல. யாரும் பார்க்கல. பவுன்தாய்க்குத் தெரியாது."

சாமி கயிற்றை வாங்கவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து, ஓரம் தேய்ந்த உப்புத்தாளை எடுத்து அவன் கையில் வைத்தார்.

ராசாங்கம் அதன் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு கயிற்றையும் உப்புத்தாளையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

"உத்தமபாளையத்துக்கு முதல் பஸ் இப்ப வரும்," என்றான்.

சாமி படியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வண்டி உறுமியது. ராசாங்கம் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிட்டா அவ வராமப் போயிருவாளே சாமி. வரலேன்னா நான் என்ன செய்ய?"

சாமி கியரைப் போட்டார்.

"வந்தாலும் வராட்டாலும், நாளைக்கு மலையில கல்லு கெடக்கும். விடிய வந்து சாவிய வாங்கிக்கிடும்."