பாதி மொட்டை

வெள்ளாற்றங்கரை மடத்தில் அன்றைக்குக் குஞ்சிதபாதத்துக்குக் காவி கொடுக்கிற நாள். வாழைக்காய் மண்டியை இழுத்துச் சாத்திவிட்டு வந்த மனுஷர். வயசு ஐம்பத்தைந்து. மடத்துக் குருசாமிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. அதனாலென்ன, ஞானம் நரையைப் பார்த்தா வருகிறது?

கிணற்றடியில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஓய் உமக்குச் சந்நியாசம்?"

"உலகமே பித்தலாட்டம் சாமி! கூட்டாளி அல்வா கொடுத்தான். மச்சான் பட்டை நாமம் சாத்தினான். கூடப்பிறந்த தம்பி காதுல பூ சுத்தியே தோப்பை எழுதி வாங்கிட்டான். அத்தனை பேரும் நம்பவச்சுக் கழுத்தறுத்த பயலுக!"

பாவம், பட்ட வலி நிஜம்தான்.

"அடேயப்பா, எத்தனை வார்த்தை வச்சிருக்கீர்!"

"பட்டவனுக்குத்தானே தெரியும் சாமி."

"சரி, வீட்டுல சம்மதம்தானே? சம்சாரம் சம்மதிக்காம இங்கே காவி கொடுக்கிற வழக்கமில்லை."

"பரிபூரண சம்மதம்! வாசல்வரை வந்து, 'போயிட்டு வாங்க'ன்னு வாய் நிறையச் சொன்னா."

குரு கீரையை உருவினார். நாவிதர் தண்ணீரைத் தெளித்து வழிக்க ஆரம்பித்தார்.

பாதி மண்டை பளபளவென்று ஆகியிருந்தது. அப்போது வாசலில் ஒரு குரல்.

"சாமி! உள்ளே யாருங்க?"

தையல்நாயகி! குஞ்சிதபாதத்தின் சம்சாரமேதான். மனுஷர் துள்ளி எழுந்து, கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

"சாமி, நான் இங்கே இல்லேன்னு சொல்லிடுங்க!"

"அதாவது, அந்த அம்மாவுக்கு நான் அல்வா கொடுக்கணும்."

"ஐயையோ, அது பெரிய வார்த்தை சாமி."

"அப்போ பட்டை நாமம்?"

"சேச்சே! சும்மா... சமாளிச்சு அனுப்பிடுங்க."

"முன்னே அத்தனை வார்த்தை சொன்னீரே, அதுல இந்தச் 'சமாளிக்கிறது' வரலையே ஓய்?"

குஞ்சிதபாதம் பாதித் தலையைச் சொறிந்தார். "அது... நாம செய்யறப்போ சொல்றது சாமி."

"வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீர்?"

"வாழைத்தார் பார்த்துட்டுச் சாயங்காலம் வந்துடறேன்னு. ஒரு பேச்சுக்கு."

"ஓஹோ, ஒரு பேச்சுக்கு!" என்று குரு எழுந்து வாசலுக்குப் போனார்.

சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர், குஞ்சிதபாதம்னு பேரு. ஆடியில தார் பார்க்கப் போனவர். ஆவணி பிறந்தாச்சு. இந்தப் பக்கம் வந்தாருங்களா?"

"உன்னை ஏமாத்திட்டுப் போயிட்டாராம்மா?"

அவ்வளவுதான், தையல்நாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சாமியா இருந்துக்கிட்டு இப்படிப் பேசலாமா? ஊரே அவரை ஏமாத்திச்சு. அவருக்கு ஏமாத்தத் தெரியாது. சாயங்காலம் வந்துடறேன்னாரு. வழியில என்ன ஆச்சோன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கறேன். இன்னிக்கு வரைக்கும் அவருக்கும் சேர்த்துத்தான் உலையில அரிசி போடறேன்."

குஞ்சிதபாதத்துக்குத் தோப்பு போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

குரு திரும்பி வந்து மறுபடியும் கீரை உருவ உட்கார்ந்தார்.

"அனுப்பிட்டீங்களா சாமி?"

"இல்லையே. மோர் கொடுத்து உட்கார வச்சிருக்கேன். நீர் அவளுக்குச் செஞ்சதுக்கு என்ன பேருன்னு பாவம், அவளுக்குத் தெரியலை. உம்மகிட்டதான் மூட்டை மூட்டையா வார்த்தை இருக்கே, ஒண்ணு எடுத்துக் கொடும்."

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. எச்சில்தான் இறங்கியது.

நாவிதருக்கு அவர் அவசரம். கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சாமி, மீதித் தலையை வழிக்கவா, விட்டுடவா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? சம்மதம் சொல்ல வேண்டியவங்க வாசல்ல மோர் குடிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார் குரு.