மாட்டுக்காகப் பேசிய நாய்

மலையடிவாரத்தில் ஒரு குட்டை. குட்டைக்கு மேற்கே ஒரு கட்டுத்தறி. அங்கே மயிலை என்ற பசுவைக் கட்டியிருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பால் கொடுப்பவள் அவள் ஒருத்திதான். கட்டுத்தறியின் வாசலில் சிப்பாய் என்ற நாய் படுத்துக் கிடப்பான். அவன் செய்த வேலை அவ்வளவுதான்.

ஆனால் அவன் பேச்சைக் கேட்டால், மயிலை நிற்பதும் படுப்பதும் அசைபோடுவதும் அவன் உத்தரவில் நடப்பதாகத் தோன்றும். குட்டைக் கரையில் மேயும் வெள்ளாடுகளுக்கு அவன்தான் சேதி சொல்வான். மயிலைக்கு இன்றைக்கு எள்ளுப் பிண்ணாக்கு பிடிக்கவில்லை என்பான். மயிலை நேற்றிலிருந்து கொஞ்சம் யோசனையாக இருக்கிறாள் என்பான். ஆடுகள் தலையை ஆட்டும். அவை எதற்கும் தலையை ஆட்டுபவைதான். சிப்பாய்க்கு அது போதுமாக இருந்தது.

இத்தனை சேதிக்கும் நடுவில் அவன் மயிலையிடம் ஒரு தரம்கூட வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அவன் பெருமைக்கு ஒரு காரணம் இருந்தது. பால் கறந்த நாட்களில் வீட்டுக்கார வேலாத்தாள் செம்போடு வருவாள். வாசலிலேயே நின்று, "மயிலா, மயிலா" என்று குரல் கொடுப்பாள். மாடு திரும்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே வருவாள். தலைப்பக்கமாக வந்து கழுத்தைத் தடவிக் கொடுப்பாள். கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டவிடுவாள். பிறகு பின்னங்கால் இரண்டையும் அணைகயிற்றால் கட்டுவாள். அதற்கு அப்புறம்தான் குந்தி உட்கார்ந்து மடியில் கை வைப்பாள். அந்த நேரத்தில் சிப்பாய் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். மாடு காலை அசைக்காது. தான் பக்கத்தில் இருப்பதால்தான் அது அசையாமல் நிற்கிறது என்று இந்தப் புத்திசாலி முடிவு கட்டிவிட்டான்.

ஒரு கிடாய் மட்டும் ஒரு நாள் சந்தேகம் கேட்டது. காலில் கயிறு கட்டுகிறார்களே, அது எதற்கு என்றது.

அது வெறும் சாங்கியம் என்றான் சிப்பாய். மனிதர்கள் நெற்றியில் எதையோ பூசிக்கொள்கிற மாதிரி மாட்டுக்கும் ஒரு கயிறு, அதில் ஒன்றுமில்லை என்றான். கிடாயும் தலையை ஆட்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மயிலை போன ஈத்துக் கன்றைப் போட்டு, அது துள்ளித் திரிய ஆரம்பித்த பிறகுதான் சிப்பாய் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அன்று ஈன்ற மாடு எப்படி இருக்கும் என்று அவன் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத விஷயத்தில்தான் அவனுக்கு அபிப்பிராயம் அதிகம்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. மயிலை மறுபடியும் நிறைசினையாக நின்றாள். மடி இறங்கிவிட்டது. வேலாத்தாள் தரையில் புது வைக்கோல் பரப்பிவைத்தாள்.

அந்த மழையில் வத்தலி என்ற தெருநாய் கட்டுத்தறிக்கு வந்தாள். பெயருக்கு ஏற்ற உடம்புதான். வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள். பாலத்தடியில் அவள் ஈன்ற குட்டிகளில் தண்ணீர் கொண்டுபோனது போக மிச்சம் அந்த ஒன்றுதான். குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி நனைந்தால் அதுவும் இருக்காது. ராத்திரிக்கு ஒதுங்க இடம் கிடைக்குமா என்று வத்தலி கேட்டாள்.

சிப்பாய் நெஞ்சை நிமிர்த்தினான். தானம் கொடுப்பதில் அவனுக்குக் கஷ்டமே இல்லை. கொடுக்கிற இடம் அவனுடையதா என்ன? உள்ளே மயிலைக்குப் பக்கத்தில் இருக்கிற வைக்கோல் முழுக்க உன்னுடையது, போய்ப் படுத்துக்கொள் என்றான்.

வத்தலி எட்டிப் பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"ஏனுங்ணா, மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடற மாதிரி இருக்குதுங்களே. ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"யாரு, மயிலையா?" சிப்பாய் சிரித்தான். "நான் ஒரு இருமல் இருமுனா அவ வாலாட்டறதையே நிறுத்திப்போடுவா. நீ பயப்படாம போ."

"எதுக்கும் அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என்ற பேச்சுக்கு மேல அவகிட்ட என்ன கேள்வி?"

சிப்பாய்க்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஒன்றும் இல்லாத தெருநாய்க்கு இடம் கொடுத்தால், அது சாட்சி கேட்கிறது. வத்தலி திரும்பி நடந்தாள். குட்டியைக் கொண்டுபோய் வாசலில் நின்ற மாட்டுவண்டிக்கு அடியில் போட்டு, அதைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்துக்கொண்டாள். சாரல் அங்கேயும் அடித்தது.

மறுநாள் உச்சி வேளையில் மயிலை ஈன்றாள். செவலைக் கன்று. வேலாத்தாள் கூடவே இருந்து கன்றின் மூக்கைத் துடைத்து, குளம்பின் நுனியைக் கிள்ளிவிட்டு, அதை மாட்டின் முகத்துக்கு நேரே போட்டாள். மயிலை கன்றை நக்க ஆரம்பித்தாள். நஞ்சுக்கொடி இன்னும் முழுதாக விழவில்லை. பாதி தொங்கிக்கொண்டு நின்றது.

சிப்பாயின் கண் கன்றின் மேல் இல்லை. தொங்குகிற கொடியின் மேல்தான் இருந்தது. கொடி விழுந்தால் வேலாத்தாள் அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் போட்டுக் கட்டி, குட்டை மேட்டு ஆலமரத்தில் தொங்கவிட்டுவிடுவாள். ஆலமரத்தில் பால் வடிகிற மாதிரி மாட்டுக்கும் பால் பெருகும் என்று அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம். மற்ற வீட்டு மாடுகளின் சாக்குகள் அங்கே தொங்குவதை அவன் அண்ணாந்து பார்த்திருக்கிறான்; மரத்துக்குப் போய்விட்டால் நாய்க்கு எட்டாது. ஆகவே அது மரத்துக்குப் போவதற்குள் தன் வாய்க்கு வந்துவிட வேண்டும் என்று அவன் காலையிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். வாசனை வேறு அவனை இழுத்தது.

வேலாத்தாள் அவனைப் பார்த்துவிட்டாள். கம்பை ஓங்கி வெளியே துரத்தினாள். அதை அவன் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் மாட்டுக்குக் கருப்பட்டி போட்ட கம்பங்கஞ்சி எடுத்துவர வீட்டுக்குள் போனாள். சிப்பாய் எழுந்து சோம்பல் முறித்தான்.

வண்டிக்கு அடியில் வத்தலி இருந்தாள். குட்டி காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. சிப்பாய் அவளிடம் வந்து, இதுதான் நல்ல சமயம், இப்போதே உள்ளே போ என்றான். ஊருக்கெல்லாம் பெருமை பேசியவன், ஒருத்திக்காவது அதை நடத்திக் காட்ட வேண்டாமா?

வழிகாட்டுகிறவனாக அவனே முன்னால் நடந்து வாசலுக்கு நாலடி இருக்கும்போது, உள்ளே மயிலை தலையைத் தூக்கிப் பார்த்தாள். காது இரண்டும் விறைத்து முன்னால் நின்றன. மூக்கில் காற்று புஸ்ஸென்று வந்தது. அந்த முகத்தைச் சிப்பாய் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் முன்னங்கால் தானாக நின்றுவிட்டது.

"நீ குட்டியை முன்னால உடு," என்று வத்தலியிடம் திரும்பிச் சொன்னான். "பச்சைக் குட்டியைப் பாத்தா அவளுக்கும் பாசம் வரும்."

"நீங்க?"

"நான் பின்னால சந்து வழியா வந்தர்றேன். அங்க ஒரு சோலி இருக்குது."

 நேற்று வரைக்கும் இருமினால் போதும் என்றவன், இன்றைக்குக் கண் திறக்காத குட்டியை முன்னால் அனுப்புகிறான். வத்தலிக்கு விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. குட்டியை வண்டிக்கடியிலேயே விட்டாள். தான் மட்டும் நனைந்துகொண்டு போய், மாட்டின் முகத்துக்கு நேராக, தலைக்கயிறு எட்டாத தூரத்தில் நின்றாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகக் குரல் கொடுத்தாள்.

சிப்பாய் அதற்குள் பின்பக்கம் போயிருந்தான். சாணம் தள்ளுவதற்காகச் சுவரில் விட்டிருந்த சந்து அங்கே இருந்தது. அவன் அதில் தலையை நுழைத்தபோது முன்பக்கம் நடந்த பேச்சு நன்றாகக் காதில் விழுந்தது. வத்தலி ஒன்றையும் மறைக்கவில்லை. யார், எங்கிருந்து வந்தேன், குட்டி எந்த நிலையில் கிடக்கிறது, எல்லாம் சொன்னாள். ஒதுங்க இடம் உண்டா, இல்லையென்றால் போய்விடுகிறேன் என்றாள்.

 மயிலை கன்றை ஒரு தரம் நக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டுட்டு வந்தியே, அதனால சொல்றேன். இன்னைக்கு என்ற கண்ணுக்கு நாயின்னா நாய்தான். நல்ல நாயி, கெட்ட நாயின்னு பிரிச்சுப் பாக்கற புத்தி எனக்கு இப்ப இல்ல. கன்னு எந்திரிச்சு நாலு நாள் ஓடட்டும், அப்புறம் வரும். அது வரைக்கும் என்ற கன்னுக்கும் எனக்கும் நடுவுல வராதே. பின்னால வராதே. சத்தங்காட்டாம வராதே. இந்தத் தீனித்தொட்டிக்கு அந்தப் பக்கம் காஞ்ச வைக்கோல் கிடக்குது. கயிறு அங்க எட்டாது. குட்டியைக் கொண்டாந்து அங்க போட்டுக்க."

பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"வாசல்ல ஒருத்தன் படுத்திருப்பானே, அவனுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் எங்க கேட்டான்?"

சந்தில் நின்ற சிப்பாய்க்குச் சிரிப்பு வந்தது. வாசலில் ஒருத்தனாம். அவளுக்குப் பிகு என்று நினைத்துக்கொண்டான். ஊராருக்கு எதிரில் அப்படித்தான் பேசுவாள், தன்னிடம் அது நடக்காது என்று முடிவு செய்தான். காது கொடுத்துக் கேட்ட பிறகும் ஒருவனுக்கு ஏறவில்லை என்றால் மாடு என்ன செய்யும்?

அவன் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தான். அவனுக்கும் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு. மாடு பின்னால்தானே உதைக்கும், பக்கவாட்டில் நின்றால் படாது என்று நினைத்து, தொடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று கொடியைக் கவ்வி இழுத்தான்.

மாட்டுக் கால் பக்கவாட்டில்தான் வீசும். பால் கறக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அணைகயிறு அன்றைக்குக் காலில் இல்லை. குளம்பு ஒரு வளைவு வளைந்து வந்து அவன் தாடையில் இறங்கியது. பல் தெறித்தது. அவன் சாணத்தில் விழுந்து எழுவதற்குள் மயிலை திரும்பிவிட்டாள். தலை தாழ்ந்தது. கொம்பு அவன் விலாவுக்கு ஒரு விரல் தள்ளி மண்சுவரில் குத்தி நின்றது. அதற்கு மேல் தலைக்கயிறு நீளவில்லை. நீண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு, வந்த சந்து வழியாகவே வெளியே விழுந்தான். அவன் போட்ட ஊளையில் குட்டை மேட்டு ஆடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

அந்த நேரத்தில் வத்தலி குட்டியைத் தூக்கிக்கொண்டு, மாட்டின் கண்ணில் படும்படி மெதுவாகச் சுற்றிப் போய், தொட்டிக்கு அப்பால் படுத்துவிட்டாள். காய்ந்த வைக்கோலில் சூடு ஏறியது. பொழுது சாய்வதற்குள் குட்டி முனகிக்கொண்டு அவள் மடியைத் தேடியது. வத்தலி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

கஞ்சியோடு வந்த வேலாத்தாள் மாட்டைப் பார்த்தாள், சாணத்தில் கிடந்த பல்லைப் பார்த்தாள், விஷயத்தைப் புரிந்துகொண்டாள். தொட்டிக்கு அப்பால் கிடந்த இருவரையும் பார்த்தாள். மாடு அவர்களைச் சட்டை செய்யவில்லை என்பதால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

சிப்பாய் வீங்கிய தாடையோடு மறுநாள் குட்டைக்கரைக்குப் போனான். மயிலைக்குக் கன்று பிறந்த சந்தோஷம், அதில் கால் கொஞ்சம் பட்டுவிட்டது என்று ஆடுகளிடம் சொன்னான். வாய் கோணியிருந்ததால் பாதி புரியவில்லை. ஆடுகள் வழக்கம்போலத் தலையை ஆட்டின. ஆனால் அந்தக் கிடாய் மட்டும் அவனைத் தாண்டி நேராகக் கட்டுத்தறி வாசலுக்குப் போய், ஒரு குரல் கொடுத்துவிட்டு, மயிலையிடமே நலம் விசாரித்தது. மயிலை பதில் சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சிப்பாய்க்குத் தாடையைவிட அதிகமாக வலித்தது.

மழை விடவில்லை. வாசலில் படுக்கப் போனால் மயிலை சீறினாள். வண்டிக்கடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. கடைசியில் அவன் நனைந்த உடம்போடு தொட்டிப்பக்கச் சுவர் ஓரமாக வந்து, ஒரு ஓட்டை வழியாக வத்தலியைக் கூப்பிட்டான். தனக்காக மயிலையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டான்.

வத்தலி குட்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்.

"நானெதுக்குங்ணா நடுவுல? அவங்களுக்கும் வாய் இருக்குது. முன்னால வந்து நின்னு நீங்களே கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க."

பத்தடி நடந்தால் மயிலையின் முகம். தலையைத் தாழ்த்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காய்ந்த இடம் கிடைத்திருக்கும். ஆனால் இத்தனை நாள் அவளுக்காகப் பேசியவன், இப்போது அவளிடம் போய்க் கேட்பதா? சிப்பாய் சுவர் ஓரத்திலேயே உட்கார்ந்து நனைந்தான்.

பக்கத்தில் கிடந்த பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மனம் தனக்குத் தெரியும் என்று நினைப்பவனைக் காட்டிலும், முன்னால் நின்று கேட்டு அவர் சொன்ன எல்லைக்குள் நிற்பவனே பத்திரமாக இருப்பான்.