எண்ணெய்த் துணி

இதை எனக்கு முதலில் சொன்னவர் கோத்தகிரியில் அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற குளோரி பாக்கியம். கண்ணால் கண்டதை மட்டும் சொல்வார்; காணாததைக் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். அவர் சொன்ன வரிசையிலேயே நானும் சொல்கிறேன்.

அவருடைய வீட்டுக்கு எதிரே, சாலை முடியும் இடத்தில், தகரக் கூரை வேய்ந்த ஒரு கூடம் இருந்தது. உள்ளே மலைச்சரிவில் ஓட்டும் மிதிவண்டிகள் வரிசையாக நிற்கும். பருத்த டயர்களும், பள்ளத்தில் அமுங்கி மேட்டில் எழும் காற்றடைத்த முன் ஃபோர்க்குகளும் கொண்டவை. அவற்றில் ஏறித் தேயிலைத் தோட்டங்களின் ஊடே ஆற்றங்கரை வரை இறங்குவதற்காகப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

பாதையின் ஒருபுறம் பாறை. மறுபுறம் ஒன்றுமில்லை.

கூடத்தின் பொறுப்பு தவமலருடையது. ஏறுபவரின் உயரத்தையும் எடையையும் கேட்டு, அதற்கேற்ப வண்டியை அமைத்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்த பின்னரே வெளியே விடுவார்.

ஆல்துரை அவரிடம் தொழில் கற்க வந்தபோதே தலை நரைத்திருந்தது. வாழ்நாளில் பாதியைத் தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் கழித்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். மனைவி முன்பே இறந்துவிட்டாள். தம்மைவிட இளையவரான தவமலரை அவர் "அம்மா" என்றழைத்தார். தவமலர் அவரை "அண்ணா" என்றார்.

மூடுபனி இறங்கும் மலையில் வெற்றிரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். ஆகவே ஆலையில் வேலை முடிந்ததும் பளபளக்கும் பாகங்கள் அனைத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். யாரும் சொல்லாமலே ஆல்துரையின் கை அதைச் செய்யும்.

ஆனி மாதம் ஒருநாள் தவமலர் உதிரிபாகங்கள் வாங்கக் கோவைக்குப் போயிருந்தார். ஆல்துரை தனியாக வண்டிகளைக் கழுவினார். சங்கிலிகளுக்கு எண்ணெய் இட்டார். பொழுது சாயும் நேரத்தில் சக்கரங்களின் நடுவே பளபளத்த எஃகுத் தகடுகள் அவர் கண்ணில் பட்டன. பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் நெருங்கி வந்து பற்றிக்கொள்ளும் தகடுகள் அவை.

எண்ணெய்த் துணி கையில் இருந்தது. துடைத்தார்.

மறுநாள் காலை, பாதையைப் பார்த்து வருவதற்காக ரத்தினம் முதலில் புறப்பட்டான். ரத்தினம் தவமலரின் தம்பி.

"என்ன அண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கி வச்சிருக்கீங்க!"

"ஏறிப் பாரு தம்பி."

ரத்தினம் பிரேக்கைப் பிடித்தான். வண்டி கிறீச்சிட்டது.

"மாப்பிள்ளை அழுவுறாரே?"

"ராத்திரி பனி ஈரம். ரெண்டு வளைவு இறங்கினா காஞ்சிடும்."

ரத்தினம் சிரித்துக்கொண்டே பனிக்குள் இறங்கினான்.

இரண்டாம் வளைவில் வண்டி நிற்கவில்லை. பிற்பகலில் பனி விலகிய பிறகே அவன் கிடந்த இடம் தெரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் தவமலர் கூடத்துக்கு வந்தார். வளைந்து கிடந்த வண்டியின் அருகே குந்தி, பிரேக் தகட்டின் மேல் விரலை ஓட்டினார். விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தார்.

ஆல்துரை சுவரோரம் நின்றிருந்தார்.

"ஆலைப் பழக்கமா, அண்ணா?"

"ஆமாம்மா."

ஆல்துரை இடுப்பில் கட்டியிருந்த கருவிப் பையை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"நான் போறேன்மா."

"எங்க போவீங்க?"

"தெரியல. குன்னூர்ப் பக்கம் ஏதாவது ஒர்க்‌ஷாப்..."

"அங்கயும் துடைப்பீங்க. இங்கயே இருங்க."

அன்றே தவமலர் எல்லா வண்டிகளின் பிரேக் கட்டைகளையும் கழற்றச் சொன்னார். எண்ணெய் குடித்த கட்டையை எத்தனை கழுவினாலும் பயனில்லை என்று சொல்லி அத்தனையையும் குப்பையில் போட்டார். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் தகடுகளைத் துடைத்துக் காட்டினார்.

"சங்கிலிக்கு எண்ணெய். இதுக்குக் கிடையாது. விரல்கூடப் படக் கூடாது."

"துருப்பிடிக்குமேம்மா?"

"பிடிக்கட்டும். ஒரு தடவை பிரேக் போட்டா அது போயிடும்."

மழைக்காலம் வந்தது. இறங்குவோர் யாருமில்லை. ஆல்துரை தினமும் ஒரு வண்டியை முழுதாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். தகட்டின் பக்கம் அவர் கை போவதே இல்லை. ஆனால் வேறொன்று தொடங்கிவிட்டது.

குறித்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒலிக்கும் ஸ்பேனர் ஒன்று அங்கே இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஆல்துரை அதைக் கொண்டு இறுக்குவார். டக். சற்றுத் தள்ளி நடப்பார். திரும்பி வந்து, ஆலன் கீ என்ற வளைந்த திருகுச் சாவியை எடுத்து இன்னும் சிறிது இறுக்குவார். தேநீர் குடிக்கப் போவார். குடித்துவிட்டு வந்து இன்னும் சிறிது.

வழிகாட்டியாக இருந்த ஸ்டான்லி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"விடுங்கண்ணே. போல்ட்டுக்கு மூச்சு முட்டுது."

"உன் வேலையைப் பாரு. ஹெல்மெட்டெல்லாம் தூசி. போய்த் துடை."

"துணியைக் குடுங்க, துடைக்கிறேன்."

சொன்ன பிறகுதான் ஸ்டான்லிக்குத் தன் வாயின் மீதே கோபம் வந்தது. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவன் ஹெல்மெட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டான்.

தவமலர் வந்து அந்த போல்ட்டைக் கழற்றினார். அதனோடு துளைக்குள்ளிருந்த திருகு மரையும் பிய்ந்து, வெள்ளி மயிர்போலச் சுருண்டு வந்தது.

"என்ன இது?"

"கழன்றுடக் கூடாதுன்னுதாம்மா."

"இனி இது இறுகவே இறுகாது. நடுவழியில ஹேண்டில் கையோட வரும்."

போல்ட்டை ஆல்துரையின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆல்துரை அன்று சோறு உண்ணவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து 'டக்' என்ற ஒலி கேட்டதும் கையை எடுக்கப் பழகினார். ஆலன் கீயைக் கண்ணில் படாத உயரத்தில் தூக்கி வைத்தார். ஐப்பசி முடிவதற்குள் அவர் பூட்டிய வண்டியில் குறை காண ஸ்டான்லியாலும் முடியவில்லை.

ஆயினும் அவர் அமைத்த வண்டியைத் தவமலர் வெளியே அனுப்பவில்லை. மழை ஓய்ந்த நாள்களில் ஓரிருவர் வந்தால், தவமலரே வேறொரு வண்டியை எடுத்துத் தம் கையால் அமைத்துக் கொடுப்பார். ஆல்துரை அமைத்தது சுவரோரம் நிற்கும்.

கார்த்திகையில் வானம் வெளுத்தது. வரும் சனிக்கிழமை பெருங்கூட்டம் வருவதாக இருந்தது. ஆல்துரை தவமலரின் எதிரே போய் நின்றார்.

"அம்மா, என் வண்டியில என்ன குறை?"

"ஒண்ணுமில்ல."

"பிரேக்?"

"பிடிக்குது."

"போல்ட்டு?"

"சரியா இருக்கு."

"பின்ன ஏம்மா சுவத்துல சாத்தி வைக்கிறீங்க?"

தவமலர் பக்கத்திலிருந்த வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

"நம்பலன்னா நம்பலன்னு சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். நியாயந்தான். ஆனா இந்தச் சனிக்கிழமையும் நான் பூட்டின வண்டி இறங்கலன்னா, இனிமே ஸ்பேனரைத் தொட மாட்டேன். இந்தக் கை இருந்து என்ன புண்ணியம்?"

தவமலர் சரிவைப் பார்த்தார். கீழே பனி குழம்பிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலையில நான் இறங்குறேன். நீங்க பூட்டின வண்டியில."



"அந்தப் பாதையிலயா?"

"அந்தப் பாதையிலதான். நீங்களும் கூட வாங்க. எனக்கு ஒரு வண்டி அமைங்க. உங்களுக்கு ஒண்ணு."

விடியும்போதே ஆல்துரை கூடத்தில் இருந்தார். தவமலர் வந்ததும் அவரை எடைக் கருவியில் நிற்கச் சொன்னார். அதற்கேற்ப ஃபோர்க்கில் காற்றடைத்து, அவரை ஏறி அமரச் சொல்லி, அது எவ்வளவு அமுங்குகிறது என்று குனிந்து அளந்தார். சிறிது காற்றை விட்டார். மறுபடி அளந்தார். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்தார். பிரேக் பிடியை அவருடைய விரல் நீளத்துக்கு நெருக்கி வைத்தார். சக்கர அச்சுகளைப் பார்த்தார். டயர்களை விரலால் குத்திக் காற்றைச் சோதித்தார். கையுறை அணிந்து, புதிய வெள்ளைத் துணியால் தகடுகளைத் துடைத்தார். வண்டியை முன்னே தள்ளிப் பிரேக்கைப் பிடித்தார். ஓசையின்றி நின்றது. ஹேண்டில்பாருக்கு 'டக்' வரை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தார்.

பிறகு வரிசையிலிருந்து தமக்கு ஒரு வண்டியை உருவினார். ஒரு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"போலாமா அம்மா?"

தவமலர் முதலில் தம் வண்டியைப் பார்த்தார். தொட்டார், அசைத்தார், உருட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"நல்லா அமைச்சிருக்கீங்க. நான் அமைச்சாலும் இப்படித்தான் இருக்கும்."

ஆனி மாதத்துக்குப் பிறகு ஆல்துரையின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிவு வந்தது. எதிர்வீட்டு வாசலில் நின்ற குளோரி பாக்கியத்துக்கே அது தெரிந்ததாம்.

தவமலர் அடுத்த வண்டியிடம் வந்தார். ஃபோர்க்கை அழுத்தினார், அது அடிவரை போய் இடித்தது. பின் பிரேக்கைப் பிடித்தார். பிடி ஹேண்டிலைத் தொட்டது.

"இது யாருக்கு அமைச்சது?"

"எனக்குத்தாம்மா."

"உங்க எடை என்ன?"

"அதெல்லாம் யார் பார்த்தா?"

"பின் பிரேக் கட்டை தேஞ்சு போயிருக்கு."

"தெரியும்மா."

"மாத்தல?"

"எனக்கு என்னத்துக்கு? உங்க வண்டிக்கே விடியக்காலையிலிருந்து ஆச்சு. அதுல ஒரு குறையும் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அது போதும்."

"ஹெல்மெட் வாரைப் போடுங்க."

ஆல்துரை வாரைத் தேடினார். அறுந்த முனை கைக்கு வந்தது. அதை விட்டுவிட்டார்.

"பரவாயில்லம்மா, வாங்க."

"அண்ணா, இந்த வண்டியில இறங்கினா விழுவீங்க."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். எனக்காக வாசல்ல யாரும் காத்துக்கிட்டு இல்ல. ஒரு ஆள்தானே?"

தவமலர் தம் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஆல்துரை பிடித்திருந்த வண்டியை மெல்ல வாங்கி, கூடத்துக்குள் தள்ளிச் சென்று, பழுது பார்க்கும் தாங்கியில் மாட்டினார். அதன் சக்கரம் அந்தரத்தில் சிறிது சுழன்று நின்றது.

"அன்னைக்கும் ஒரு ஆள்தான், அண்ணா."