பொன்னுத்தாயின் ஞாயிற்றுக்கிழமை

மலையடிவாரத்து மடத்தில் நாற்பது பேர் தினமும் இரண்டு வேளை சாப்பிட்டார்கள். சமைத்தது பொன்னுத்தாய் ஒருத்தி. கணவன் போன பிறகு தானாக வந்து அடுப்படியில் நின்றவள். சம்பளம் கேட்டதில்லை, கொடுத்தபோதும் வாங்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்த அடுப்படியை விட்டு நகர்ந்ததில்லை.

மடத்து நிர்வாகத்தைக் கோதண்டபாணி சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். தொழிலாளர் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று, ஞானம் தேடி வந்தவர். மடத்தின் குருவான சாமியைவிடப் பதினேழு வயது மூத்த சீடர். ஞானம் வரத் தாமதமானதால் மடத்துக்கு ஒரு விடுப்பு நோட்டுப் போட்டிருந்தார். தேதி, பெயர், காரணம் என்று கோடு கிழித்த நோட்டு. அதைப் பார்த்த பயத்திலேயே யாரும் விடுப்புக் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை பொன்னுத்தாய் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மானேசரய்யா, வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு லீவு வேணும்."

"காரணம்?"

"தென்காசிக்குப் போயி ஓட்டல்ல தோச திங்கணும்."

கோதண்டபாணியின் பேனா நின்றுவிட்டது. "தோசைதானே? இங்கயே சுடலாமே."

"இங்கன்னா நான்தானய்யா சுடணும். வேற ஒருத்தர் சுட்டு, வேற ஒருத்தர் கொண்டாந்து என் முன்னால வைக்கணும். ஒன்பது வருசமா நான் எதையும் சூடாத் தின்னதில்ல."

இதைவிட நல்ல காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கோதண்டபாணி நோட்டை மூடிவிட்டார்.

"இது என்ன கம்பெனியா, லீவு குடுக்க? நீ செய்யுறது தொண்டு. அன்பாச் செய்யுற. அன்புக்கு ஏதும்மா லீவு?"

பொன்னுத்தாய் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அன்று ரசத்தில் உப்பு இல்லை. நாற்பது பேரும் சாமியின் முகத்தைப் பார்த்தார்கள். சாமி இன்னொரு கை ரசம் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் கோதண்டபாணி நடந்ததையெல்லாம் சாமியிடம் சொன்னார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார்.

"நான் சொன்னது சரிதானே, சாமி?"

"யோசிக்கணும்" என்றார் சாமி.

மறுநாள் காலை கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் சாமி பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாமியைக் காணவில்லை. கோதண்டபாணி தேடிக்கொண்டு போனார். சாமி பலாமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, கூட்டம் காத்திட்டிருக்கு."

"இன்னைக்கு நான் லீவு, ஐயா."

"அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"மலையப் பாக்கச் சொல்லுங்க. அது பேசாது. நல்லாயிருக்கும்."

"சாமிக்கு ஏது சாமி லீவு? சம்பளத்துக்கா பேசுறீங்க? அன்பாத்தானே பேசுறீங்க?"

"அன்பாத்தான் பேசுறேன். இருந்தாலும் இடுப்பு வலிக்குதே."

கோதண்டபாணி கொஞ்சம் தடுமாறினார். ஆனால் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். தன் தற்செயல் விடுப்பில் அரை நாளைக்கூட வீணாக விட்டவரில்லை. விதிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"லீவுன்னா அதுக்கு யாராவது அனுமதி குடுக்கணும், சாமி. நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே."

"உங்ககிட்ட கெடைக்காதுன்னு தெரியும். அதான் பொன்னுத்தாய்கிட்ட கேட்டேன்."

"அவகிட்டயா? அவ என்ன சொன்னா?"

"உடனே குடுத்துட்டா."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"அவ காரணம் கேக்கல. மத்தியானச் சோத்த மரத்தடிக்கே கொண்டாரட்டுமா, தூங்கிட்டிருந்தா எழுப்பலாமா கூடாதான்னு மட்டும் கேட்டா."

தன் வயதை நினைத்துக் கோதண்டபாணிக்கு வெட்கமாக இருந்தது. பலாமரத்தில் எறும்பு ஊர்வதை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, சாமி. ஞாயித்துக்கிழமை அவ போயிட்டு வரட்டும்."

சாமி காலை ஆட்டிக்கொண்டே தலையையும் ஆட்டினார்.

கோதண்டபாணி நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஆனா அன்னைக்கு நாப்பது பேருக்கு யாரு சமைக்கிறது?"

சாமி துண்டின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"அன்பாச் செய்யுற ஆளாப் பாருங்க. சம்பளம் கேக்கக் கூடாது. லீவுங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. அப்படி யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

கோதண்டபாணிக்கு ஒரே ஒருவரைத் தெரிந்திருந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற அந்த ஆளுக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது.