ஒரு நகத்தின் தடிமன்

"கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லிடுங்க அம்மா" என்றார் பரஞ்சோதி.

சிஷ்யருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவான மங்கை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. மனசு குழம்பினால் காரை எடுத்துக்கொண்டு இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்துவிடுவார். அம்மா அப்போது கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பரஞ்சோதி செல்போன் வடிவமைக்கிறவர். இருக்கிறதிலேயே மெலிசான போனைக் கொண்டுவந்தே தீருவது என்று அவர் கம்பெனி ஒற்றைக்காலில் நிற்கிறது. முட்டி மோதி ஒரு நகத்தின் தடிமனைக் குறைத்துவிட்டார்கள். நாளைக்கு அவர் கையெழுத்துப் போட்டால் ஆலையில் வேலை தொடங்கிவிடும். போடாவிட்டால் அவர் நாற்காலியில் வேறு ஒருத்தர் உட்கார்ந்து போடுவார்.

"அந்த நகத்தளவு இடத்துல முன்னே என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் அம்மா.

"பேட்டரிதான். மூணு மணி நேரம் கம்மியா நிக்கும். அவ்வளவுதான்."

"யாரோட மூணு மணி நேரம்?"

பரஞ்சோதி சிரித்தார். குரு என்றால் இப்படி எதையாவது கேட்டுவைப்பார், வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. மகள் நறுமுகை. காலையில் அவரோடு வந்து, மலைமேல் சுனை பார்க்கப் போனவள். அவள் கையில் இருந்ததும், மாதிரிக்குச் செய்ததில் ஒன்றை அப்பா பெருமையாகக் கொடுத்தனுப்பிய அந்தப் புதுப் போன்தான்.

பாதை தவறிவிட்டது என்றாள். ஒரே பனிமூட்டம், கால் பிசகிவிட்டது, இருட்டப்போகிறது, சார்ஜ் தீரப்போகிறது. சொல்லிக்கொண்டே அழுதாள்.

பரஞ்சோதிக்கு உயிரே போய்விட்டது. வைக்காதே கண்ணு, அப்பா பேசிக்கொண்டே இருக்கிறேன் என்றார். எந்தப் பக்கம் திரும்பினாய், பக்கத்தில் என்ன மரம், யாராவது வந்தார்களா என்று கேட்டுக்கொண்டே போனார்.

அம்மா எழுந்துவந்து போனைப் பிடுங்கினார்.

"நறுமுகை, இருக்கிற இடத்துலயே உட்காரு. போனை அணைச்சு வை. மணிச் சத்தம் கேட்டதும் போனைப் போட்டு டார்ச் அடி."

வைத்துவிட்டார்.

பரஞ்சோதிக்கு வந்த கோபத்தில் குருவாவது ஒண்ணாவது. யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று கத்தினார்.

"அவகிட்ட இருக்கிறதே துளி. அதையும் நீங்க தின்னுக்கிட்டிருந்தீங்க."

பூஜை மணியை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் நடந்தார். பரஞ்சோதி பின்னால் ஓடினார். போனைக் கொடுங்கள், ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று வழியெல்லாம் கெஞ்சினார். அம்மா கொடுக்கவில்லை.

ஏற்றம் ஏற ஏற பரஞ்சோதியின் தோள்பைக்குள் இருந்த என்னமோ அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

பைக்குள் என்ன, செங்கல்லா என்று கேட்டார் அம்மா. பரஞ்சோதி பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அது நறுமுகையின் பவர் பேங்க். காலையில் அவள் எடுத்துவைத்ததை இவர்தான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போன் செய்கிறவன் மகளே இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? இருக்கட்டும்ப்பா என்று அவள் சொல்லியும் பார்த்தாள். மனுஷன் கேட்டால்தானே.

பனி கண்ணை மறைத்தது. அம்மா மணியை அடித்தார், நின்று பார்த்தார், மறுபடி அடித்தார். எங்கும் ஒன்றும் தெரியவில்லை. பரஞ்சோதி வலது பக்கம் போகலாம் என்று இழுத்தார். வலது பக்கம்தான் சரிவு.

திடீரென்று இடது பக்கம், ஓடைக்கு அந்தாண்டை, வெளிச்சம் ஒன்று மினுங்கியது. இருவரும் அதைப் பார்த்து நாலு எட்டு வைப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி வரவில்லை.

அம்மா அந்தத் திக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் நேராக நடந்தார். பரஞ்சோதி முள்ளென்றும் பார்க்கவில்லை, தண்ணீரென்றும் பார்க்கவில்லை. மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

ஒரு பாறை ஓரத்திலிருந்து "அப்பா" என்று குரல் வந்தது.

ஆசிரமத்துக்குக் கொண்டுவந்து கட்டுப் போட்டு, கையில் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். நடுக்கம் நின்றதும் நறுமுகை அப்பாவின் பைக்குள் கையை விட்டாள். பவர் பேங்கை எடுத்து ஒயரை மாட்டி, அது விழாமல் இருக்கப் போனுக்கு அடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போன் உயிர் பெற்றதும் ஊரிலிருக்கும் அம்மாவைக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லைம்மா, நல்லாத்தான் இருக்கேன் என்றாள். இரண்டும் சேர்ந்து அவள் உள்ளங்கைக்குள் அடங்கவில்லை.

பரஞ்சோதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கை அம்மா மிச்சக் கொத்தவரங்காயை முறத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நீங்க குறைச்சீங்களே, அது எவ்வளவு தடிமன் இருக்கும் பரஞ்சோதி?"

"ஓடைக்கு இந்தாண்டையிலிருந்து அந்தாண்டை வரைக்கும், அம்மா" என்றார் அவர்.